பதுங்கு குழியில் கிடைத்த கடிவாளம்

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. நீல அட்டை, எண்பது பக்கம். முதல் ஆறு பக்கங்களில் மட்டுமே எழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையால் கோடிட்டு ஐந்து நிரல்கள் பிரித்திருக்கிறேன்: இலக்கம், கிடைத்த இடமும் ஆழமும், அளவு, என்ன பொருள், இனங்கண்டவர். மொத்தம் பத்தொன்பது பொருட்கள். பதினெட்டு வரிகள் என் கையெழுத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கின்றன. பதினான்காவது வரியில் மட்டும் ஒரு சொல் வெட்டப்பட்டு, அதன் மேல் என் மனைவியின் கையெழுத்தில் வேறொரு சொல் இருக்கிறது.

ஜப்பானுடனான யுத்தம் கொழும்பை நெருங்கி வந்துகொண்டிருந்த காலம் அது. இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கும் நாங்கள், அப்போது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடுகள். நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. அந்தச் சுவர் பின்வளவுக்கு வந்ததும் நெஞ்சளவு மதிலாகத் தணிந்து, கடைசிவரை ஓடும். இந்தப் பக்கம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கரான நானும் என் மனைவியும். அந்தப் பக்கம் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் வேலை பார்த்தவரும் அவருடைய மனைவியும். அந்த அம்மாவை நாங்கள் இருவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா வீட்டில் மெசின் வைத்து ஒழுங்கைப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார். தைத்து மிஞ்சிய துணியை, ஒரு விரல் அகலமென்றாலும், சுருட்டித் திருப்பிக் கொடுப்பது அவர் வழக்கம்.

பதுங்கு குழி வெட்டுவதற்கு ஐந்து வருடத்துக்கு முன்புவரை மதிலுக்கு மேலால் கறிக் கோப்பைகள் போய் வந்தன. பிறகு நின்றுவிட்டன. அதற்குக் காரணம் ஒரு கத்தரிக்கோல்.

தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை. அக்காவுக்குத் தையல் குவிந்திருந்தது. அவருடைய கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது. சாணை பிடிப்பவன் வரவில்லை. திங்கட்கிழமை என் மனைவியிடம் இரவல் கேட்டார். என் மனைவியின் கத்தரிக்கோல் கலியாணத்தோடு வந்தது. ஒன்பது அங்குலம். பெருவிரல் நுழையும் வளையத்தில் ஒரு வெடிப்பு இருந்ததால், நான் அதற்குச் செப்புக்கம்பி சுற்றிக் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை என் மனைவி மதிலடியில் நின்று கேட்டாள்.

“அக்கா, வேலை முடிஞ்சுதெண்டால் கத்தரிக்கோலைத் தாங்கோவன்.”

“முந்தநாளே தந்திட்டனே, தங்கச்சி.”

“என்ர கையிலை தரேல்லையே.”

“கத்தரிக்கோலை ஆரும் கையிலை குடுப்பினமோ? மதில்லை வைச்சிட்டுக் கூப்பிட்டுச் சொன்னனான்.”

“எனக்குக் கேக்கேல்லை. மதில்லையும் ஒண்டும் இருக்கேல்லை.”

கத்தரிக்கோல், கத்தி, உப்பு இவற்றைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் சண்டை வரும் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. ஒருவர் ஓரிடத்தில் வைப்பார், மற்றவர் எடுத்துக்கொள்வார். அக்கா அதைத்தான் செய்ததாகச் சொன்னார். என் மனைவி நம்பவில்லை. நானும் நம்பவில்லை என்பதை இங்கே எழுதிவிட வேண்டும்.

மறுநாள் மீன்காரன் கூடைக் காவடியை எங்கள் வாசற் படலையடியில் இறக்கி வைத்திருந்தபோது, நாலைந்து வீட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். அக்காவும் நின்றார். என் மனைவி மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

“எங்கடை வீட்டுக் கத்தரிக்கோலுக்குக் கால் முளைச்சுப் போட்டுது. மதிலாலை இறங்கி நடந்து போட்டுதாம்.”

சிரிப்பு எழுந்தது. அக்கா மீன் வாங்காமல் உள்ளே போய்விட்டார்.

அடுத்த கிழமை அக்காவின் கணவர் புதிதாக ஒரு கத்தரிக்கோல் வாங்கி வந்தார். அக்கா அதைக் கொண்டுவந்து மதிலில் வைத்தார். என் மனைவி எடுக்கவில்லை. “எடுத்தால் நான் அதுக்காகத்தான் கதைச்சனான் எண்டு ஆகும்” என்றாள். மூன்று நாள் அது மதிலிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் மழை பிடித்தது. அக்காவின் கணவர் சாரத்தோடு ஓடிவந்து, எடுத்து, சாரத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனார். இது என் டயறியில் இருக்கிறது. மழை தொடங்கிய நேரமும் இருக்கிறது.

ஒழுங்கையில் கதை வளர்ந்தது. கத்தரிக்கோல் போன கதை, துணி போன கதையாக மாறியது. ஒருத்தி தன் சட்டைத் துணியில் அரை யார் குறைந்ததாகச் சொன்னாள். வருடம் முடிவதற்குள் அக்காவிடம் தைக்கக் கொடுப்பவர்கள் நின்றுவிட்டார்கள். சுவருக்கு அப்பால் பகல் முழுதும் கேட்கும் மெசின் சத்தம் இல்லாமற் போனது. அதன் மேல் ஒரு பூப்போட்ட சீலை மூடிக் கிடந்ததை, ஒருநாள் அவர்கள் வீட்டு யன்னல் திறந்திருந்தபோது கண்டேன்.

ஐந்து வருடம். ஆண்கள் நாங்கள் இருவரும் ரயில் ஸ்டேஷனில் யுத்தத்தைப் பற்றிக் கதைப்போம். வீட்டுக்கு வந்தால் இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கும்.

அப்படியிருக்கும்போதுதான் வீட்டுக்கு வீடு பதுங்கு குழி வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் ஒழுங்கைக்குப் பொறுப்பான வார்டன் இரண்டு வளவையும் சுற்றிப் பார்த்தார். கடலடி நிலம்; நாலடி வெட்டினால் தண்ணீர் ஊறும். எங்கள் பக்கத்தில் மதிலோரம் மட்டும் நிலம் உயர்ந்து காய்ந்திருந்தது. “இரண்டு வீட்டுக்கும் இதிலை ஒண்டு போதும். மதிலை ரண்டடி உடைச்சு வழி விடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி என்னைப் பார்த்தாள். வார்டனோடு யார் வாதாடுவது?

இரண்டு சிங்களத் தொழிலாளர் மூன்று நாள் வெட்டினார்கள். முதல்நாளே அலவாங்கில் ஏதோ தட்டுப்பட்டது. “மாத்தயா, மேக பலன்ன” என்று ஒருவர் என்னைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு சாண் நீளத்தில் ஒரு துருக்கட்டி. எறிந்துவிட மனம் வரவில்லை. நான் கொப்பி வாங்கியது அன்று பின்னேரம்.

துருவைக் கழற்றுவது அவசரத்தில் நடக்கும் வேலை இல்லை. பின்விறாந்தையில் ஒரு பழைய பிஸ்கட் பேணியில் மண்ணெண்ணெய் விட்டு, பொருளை மூன்று நாள் ஊறப்போடுவேன். பிறகு சின்னச் சுத்தியலால், முட்டை உடைப்பதுபோல, மெல்லத் தட்டுவேன். துரு தகடு தகடாகக் கழன்று வரும். இடுக்குகளுக்குச் சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்றைக் கூராக்கி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு புளிக்கரைசல், செங்கல் தூள், தேய்ந்த பல் பிரஷ். கடைசியில் தேங்காயெண்ணெய் பூசி வெயிலில் வைத்தால், இரும்பு கறுத்து மினுங்கும். அந்தக் கட்டத்துக்கு வந்தபிறகுதான் அது என்னவென்று கேட்க வேண்டும். அதற்கு முன் கேட்டால் கண்ணுக்கு வேண்டியதெல்லாம் தெரியும் என்று நானே எனக்கு ஒரு விதி வைத்திருந்தேன். பதினான்காம் இலக்கத்தில் அந்த விதியை நானே மீறினேன்.

கிராண்ட்பாஸிலிருந்து கைவண்டியோடு வந்து பழைய இரும்பு வாங்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர், எல்லோரும் நானா என்பவர், மாதம் இரண்டு தடவை எங்கள் ஒழுங்கைக்கு வருவார். இனங்காணுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. முதல் இலக்கத்தை உள்ளங்கையில் வைத்து ஒருதரம் தூக்கிப் பார்த்தார்.

“இது ரயில் பாதை ஆணி ஐயா. சிலிப்பர்க் கட்டைல அடிக்கிறது. பாதைக்கும் ஒங்கட ஊட்டுக்கும் எவ்வளவு தூரம் ஈக்குது? நடந்தே வந்தீக்கும்.”

மூன்றாம் இலக்கம் மாட்டுக் கரத்தைச் சில்லின் கடையாணி. ஏழு, கட்டில் காலின் திருகாணி. ஒன்பது, ஒரு குதிரை லாடம். அதைக் கண்டு நானா உற்சாகமாகிவிட்டார். “பாத்தீங்களா, முந்தி இங்க குதிர லாயம் இருந்தீக்கும்.”

பதினான்காவது மூன்றாம் நாள், மதிலை உடைத்து வழி வெட்டியபோது கிடைத்தது. மதிலின் அடியோடு ஒட்டி, ஓரடி இரண்டு அங்குல ஆழத்தில். இரண்டு வளையங்களும் நடுவில் நீண்ட ஒரு கட்டியுமாக, கரியும் மணலும் அப்பிப்போய் இருந்தது. பேணியில் மற்றவற்றின் முறை முடிந்து நான் அதை ஊறப்போட முன்னே, நானா அடுத்த தடவையும் வந்துவிட்டார்.

“ரெண்டு வளையம், நடுவுல தண்டு. கடிவாளம் ஐயா. குதிரட வாய்ல போடுறது.”

லாடம் கிடைத்த இடத்தில் கடிவாளம். பொருந்தியது. கொப்பியில் ‘கடிவாளம்’ என்று எழுதி, அதன்பிறகுதான் மண்ணெண்ணெயில் போட்டேன். என் மனைவியும் எட்டிப் பார்த்து, “குதிரை கட்டின இடத்திலையோ நாங்கள் சமைச்சுச் சாப்பிடுறம்?” என்று மூக்கைச் சுளித்தாள்.

அந்தக் கிழமையே, ஞாயிற்றுக்கிழமை காலையில், குண்டு விழுந்தது. துறைமுகப் பக்கமிருந்தும் இரத்மலானைப் பக்கமிருந்தும் இடி போலச் சத்தம். நாலு பேரும் குழிக்குள் இறங்கினோம். இடம் குறைவு. என் மனைவியும் அக்காவும் அருகருகே, முழங்கால் முட்ட இருந்தார்கள். இருவரும் ஒரு சொல் பேசவில்லை. எனக்கு நேரே இருந்த அக்காவின் கணவர் என் காதுக்குள் சொன்னார்: “தம்பி, ஜப்பான்காரன்ரை குண்டைவிட இவையளின்ரை மவுனம் பயமாக் கிடக்கு.” எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள்.

மறுநாளே வெள்ளவத்தை காலியாகத் தொடங்கியது. கோட்டை ஸ்டேஷனில் யாழ்ப்பாண ரயிலுக்கு நிற்க இடமில்லை என்றார்கள். செவ்வாய்க்கிழமை அக்காவின் கணவர் மதில் உடைப்புக்குள் நின்று சொன்னார்.

“வெள்ளிக்கிழமைக்கு இடம் கிடைச்சிருக்கு. வீட்டையும் விடுறம். இவ இனிக் கொழும்புக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறா. நான் மட்டும் திரும்பி வந்து எங்கையாவது ஒரு அறையிலை இருக்கவேணும்.”

“ஏன் அண்ணை, சண்டை முடிஞ்சால் வரலாந்தானே?”

“குண்டுக்குப் பயந்து இல்லைத் தம்பி.” அவர் எங்கள் குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். என் மனைவி குசினிக்குள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகின் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் தொடங்கியது.

புதன்கிழமை கந்தோர் அரைநாளோடு மூடிவிட்டது. வீட்டுக்கு வந்து, செய்ய வேறொன்றும் இல்லாமல், பதினான்காம் இலக்கத்தைப் பேணியிலிருந்து எடுத்தேன். இரண்டாவது தட்டிலேயே ஒரு பெரிய தகடு கழன்றது. உள்ளே இரும்பின் சிவப்பு இல்லை, பச்சை தெரிந்தது. களிம்பு. அப்படியென்றால் செம்பு. கடிவாளத்தில் செம்பு எதற்கு? புளி தேய்த்துக் கழுவினேன். ஒரு வளையத்தில் மட்டும் மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. கூரான கம்பியால் ஒவ்வொரு சுற்றாகத் தொட்டு எண்ணினேன். பதினொன்று.

அறைக்குப் போய்ப் பழைய டயறிகளை இறக்கினேன். தேடுவதற்கு நேரம் எடுக்கவில்லை. ‘மனைவியின் கத்தரிக்கோல் வளையத்துக்குச் செப்புக்கம்பி. பதினொரு சுற்று.’

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனேன். பொங்கலுக்கு முந்திய கிழமை, புதன்கிழமை: ‘பின்வளவில் தண்ணீர் தேங்குவதால் மதிலோரம் கரிச்சாம்பலும் மணலும் போட்டு நிரப்பினேன். வண்டி எங்கள் பக்கத்தால் வராதபடியால் அடுத்த வீட்டு வழியால் கொண்டுவந்து மதிலுக்கு மேலால் கொட்டினார்கள். எண்ணிக்கை தவறாமலிருக்க, ஒவ்வொரு கூடையையும் மதிலில் வைத்து, நான் எண்ணியபிறகே கவிழ்க்கச் சொன்னேன். நாற்பத்திரண்டு கூடை. உயரம் ஓரடி நாலு அங்குலம்.’

அக்கா கத்தரிக்கோலை மதிலில் வைத்த அதே புதன்கிழமை. முதற் கூடையோ இரண்டாவதோ அதைத் தள்ளி விழுத்தியிருக்கும். மிச்சக் கூடைகள் மூடியிருக்கும். நான் மூன்று அடி தூரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருந்தது. நீலக் கொப்பியில், பதினான்காம் இலக்கத்துக்கு நேரே, என் கையால் எழுதியிருந்தேன்: ‘கரிச்சாம்பல் படைக்குள்.’ மற்றப் பதினெட்டும் அதற்குக் கீழே, பழைய மணலில் கிடைத்தவை. ஐந்து வருடத்துக்கு முன் நானே போட்ட சாம்பலுக்குள் பழங்காலத்துக் குதிரையின் கடிவாளம் எப்படி இருக்கும்? ஆழம் அங்குலக் கணக்கில் சரியாக எழுதியிருக்கிறேன். யோசிக்கத்தான் இல்லை. மதிலோரம் நிலம் ஏன் உயர்ந்திருக்கிறது என்று வார்டன் கேட்டபோதுகூட நான்தான் பெருமையோடு விளக்கினேன்.

அன்று முழுவதும் நான் மனைவியிடம் சொல்லவில்லை. அவள் ஒழுங்கையார் முன்னால் சொன்ன சொல் அவளுக்கே திரும்பி வரும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் நான். பேணியை மூடி வைத்தேன். டயறியில் அன்றைக்கு ஒரே வரிதான்: ‘பதினான்கில் திருத்தம் தேவை.’

வியாழக்கிழமை காலையில் சுவருக்கு அப்பால் பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு, கத்தரிக்கோலையும் நீலக் கொப்பியையும் பழைய டயறியையும் கொண்டுபோய்க் குசினி மேசையில் மனைவிக்கு முன்னால் வைத்தேன். அவள் கத்தரிக்கோலை முதலில் பார்த்தாள். வளையத்தைத் தொட்டாள். அவளும் எண்ணினாள், எனக்குத் தெரிந்தது, உதடு அசைந்தது. பிறகு டயறியை வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள்.

“இந்த எழுத்து இவ்வளவு காலமும் டயறிக்குள்ளையே கிடந்தது?”

“ஓம்.”

“அஞ்சு வருசமா?”

“ஓம்.”

“ஒருக்காலும் எடுத்துப் பாக்கத் தோன்றேல்லையோ உங்களுக்கு?”

நான் டயறியை மூடினேன்.

“மழை பெய்த நேரம் எழுதத் தெரியும்” என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள், ஆனால் கோபம் குறையவில்லை. “அந்த மனுசி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் மீன்காரனுக்கு முன்னாலை வைச்சு... எழும்புங்கோ. நீங்களும் வாங்கோ.”

மதில் உடைப்பு வழியாக முதல் தடவையாக அந்தப் பக்கம் போனோம். அக்கா பின்விறாந்தையில் இருந்து பாத்திரங்களைப் பழைய சீலையில் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பினார். கணவரும் உள்ளே இருந்து வந்து நின்றார். என் மனைவி ஓரடி முன்னே வைத்தாள். கத்தரிக்கோலை நீட்டினாள். துருப்பிடித்து இறுகி, இனித் திறக்கவே முடியாத கத்தரிக்கோல். நீட்டியபிறகுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வைக்க ஓரிடம் தேடிச் சுற்றிப் பார்த்தாள்.

அக்கா கையை நீட்டினார்.

“இனி என்ன புதுச் சண்டை வரக் கிடக்கு? கையிலையே தாரும்.”

வாங்கிப் பார்த்தார். அவரும் அந்தக் கம்பியை விரலால் தடவினார். நான் கூடைகளைப் பற்றிச் சொன்னேன். டயறி வரியை வாசித்துக் காட்டினேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அண்டைக்கு நீங்கள் உரத்து எண்ணினது எனக்கு உள்ளை கேட்டது. முப்பத்தொம்பது, நாப்பது எண்டு. நல்லா எண்ணினனீங்கள்.”

அவர் கணவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. என் மனைவியிடம் மட்டும், “துணி எடுத்தனான் எண்டதுதான் எனக்குப் பொறுக்கேல்லை, தங்கச்சி. அது நீர் சொல்லேல்லை. ஆனால் உம்மடை வாயிலையிருந்துதான் துவங்கினது” என்றார். என் மனைவி தலையை ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை மீன்காரன் வந்தான். பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டதால் மூன்று பெண்கள்தான் சுற்றி நின்றார்கள். என் மனைவி போய், துருப்பிடித்த அந்தக் கத்தரிக்கோலை எல்லோருக்கும் தெரியப் பிடித்து, முன்பு நின்ற அதே இடத்தில் நின்று சொன்னாள்.

“இது எங்கடை மதிலடிக்குள்ளை கிடந்தது. அக்கா சொன்ன இடத்திலைதான் வைச்சவ. இவர்தான் சாம்பலைக் கொட்டி மூடினவர். நான் சொன்னது பொய்.”

“மூண்டு பேருக்குத்தானே சொன்னனீர்” என்றேன் பிறகு.

“மற்றவையள் திரும்பி வரட்டும். ஒருத்தர் ஒருத்தராச் சொல்லுவன்.” சொன்னாள்தான். அடுத்த இரண்டு வருடத்தில், ஊரிலிருந்து திரும்பி வந்த ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று சொன்னாள். எனக்குக் கணக்குத் தெரியும், பதினோரு வீடு.

அக்கா போவதென்ற தீர்மானத்தை மாற்றவில்லை. பெட்டிகள் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. ரயிலில் இடமும் கிடைத்துவிட்டது. புறப்படும்போது, பழைய கத்தரிக்கோலைத் தான் கொண்டுபோகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப் பதிலாக, அன்று மழையில் நனைந்த புதுக் கத்தரிக்கோலைக் கடதாசியில் சுற்றி என் மனைவியிடம் கொடுத்தார். இம்முறை அவள் உடனே வாங்கிக்கொண்டாள். ஒரு வருடம் கழித்து அக்காவின் கணவர் வந்து சொன்னார், ஊரில் மெசின் ஓடுகிறது என்று. யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் அக்காவே கொட்டாஞ்சேனைக்கு வந்து எங்களோடு இரண்டு நாள் தங்கிப் போனார்.

குண்டு விழுந்த மாதக் கடைசியில் இரும்பு நானா வந்தபோது, கடிவாளம் கடிவாளம் இல்லை என்பதைச் சொன்னேன். முழுக் கதையையும் கேட்டார். தன் பிழையை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் தாடியைத் தடவினார்.

“குதிரைக்கு இல்லாட்டி என்ன ஐயா? அஞ்சு வருசம் ரெண்டு ஊட்டு வாயையும் கட்டி வெச்ச சாமான்தானே.”

கொப்பியில் ‘கடிவாளம்’ என்பதை வெட்டி, மேலே ‘கத்தரிக்கோல்’ என்று எழுதியது என் மனைவி. நான் எழுதப் போனபோது பேனையை வாங்கிக்கொண்டாள்.

அந்தப் புதுக் கத்தரிக்கோல் இப்போது பழசாகிவிட்டது. கொட்டாஞ்சேனையில் எங்கள் மேல்மாடிக்குப் பக்கத்து வீட்டார் அடிக்கடி இரவல் கேட்டு வருவார்கள். என் மனைவி அதை மேசையிலோ மாடத்திலோ வைப்பதில்லை. கையில்தான் கொடுப்பாள். வாங்குபவர் கூசிக் கையைப் பின்னுக்கு இழுத்தால், “பிடியுங்கோ” என்பாள். அவர்கள் விரல்கள் வளையத்துக்குள் போனதைப் பார்த்தபிறகே தன் பிடியை விடுவாள்.